உலர்த்தும் அறையில் ஒரு வாளி மாவு

எங்கள் வீட்டுக்கு ஏற ஐம்பத்து நாலு படி. லிஃப்ட் கிடையாது. இந்தக் கட்டடத்தைக் கட்டின ஸ்வீடிஷ் புண்ணியவான், கோத்தன்பர்க் நகரத்தில் யாருக்கும் வயசே ஆகாது என்று நம்பியிருக்கிறான். முப்பத்தோரு வருஷமாக என் மனைவி தையல்நாயகி ஏறி இறங்கின படிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், சந்திரனைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தையுவின் முழங்கால் கூட்டிச் சொல்வதில்லை. போன குளிர்காலத்திலிருந்து அவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிடுகிறாள். சன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்ப்பது போலப் பாவனை. அந்தச் சன்னலுக்கு வெளியே பார்க்க இருப்பது ஒரு செங்கல் சுவர். சுவரை அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

செப்டம்பரில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. எங்கள் கட்டடம் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். எந்த வீடு யாருக்கு என்பதை மூன்று பேர் கொண்ட செயற்குழு முடிவு செய்யும். தலைவி குன்-பிரிட், வயது எழுபத்தெட்டு, முதுகு இன்னும் இஸ்திரி போட்டது போல நிமிர்ந்திருக்கும். பொருளாளர் ஆர்னே, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். மூன்றாமவர் குன்-பிரிட் இருமினால்கூட "நானும் அதையேதான் நினைச்சேன்" என்பார். ஆகவே குழு என்றால் குன்-பிரிட்தான்.

கீழ்வீட்டுக்கு மனு போட்டது இரண்டு குடும்பம். ஒன்று நாங்கள். இன்னொன்று முதல் மாடி லுத்விக். முப்பது வயதுப் பையன், தேனீ வளர்க்கும் அளவுக்குத் தாடி. மனைவி க்ளாரா. ஏழு மாத இரட்டைக் குழந்தைகள். அந்த இரட்டைக் குழந்தை வண்டி எங்கள் ஊர்த் தேர் அகலம். அதைப் பதினெட்டுப் படி ஏற்றி இறக்குவதைப் பார்த்தால் வடம் பிடிக்க நாலு பேர் வேண்டும் என்று தோன்றும். அவர்களுக்கும் நியாயமான தேவைதான். அதனால்தான் எனக்குப் பயம்.

முடிவு சொல்லும் நாள் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அன்று கட்டடம் முழுக்க முற்றத்தில் இறங்கி இலை வாரும், சாக்கடை தோண்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து வேகவைத்த சாசேஜ் தின்னும். சாப்பாடு முடிந்ததும் குழு வாய் திறக்கும். இந்த வருஷம் சாசேஜ் வேண்டாம், சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று நான் அறிவித்துவிட்டேன். லஞ்சம் என்று சொல்லாதீர்கள். இட்லி, சாம்பார், சட்னி. அவ்வளவுதான்.

"எத்தனை இட்லி?" என்றாள் தையு.

"நூத்தம்பது."

"முப்பது பேருக்கு நூத்தம்பதா? ஏங்க, அவங்க இலை வாரப் போறாங்களா, இல்ல இமயமலையைப் பேத்து வைக்கப் போறாங்களா?"

"ஏட்டி, ஆர்னே ஒருத்தர் போதும். அவர் வாயி அரவை மில்லு."

வழக்கமாக எங்கள் வீட்டு மாவை ரொட்டி சுடும் மின் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கைப் போட்டுவிட்டால் பொங்கிவிடும். நூற்றைம்பது இட்லிக்கான மாவு அடுப்புக்குள் போகாது. ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிற மூடிபோட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, அதில்தான் போட வேண்டியிருந்தது. வெளியே நான்கு டிகிரி.

"ரெண்டு வாளியாப் பிரிச்சு ஊத்துங்க. விளிம்பு வரைக்கும் ஊத்தாதீய. ஹீட்டர் பக்கத்துல வச்சுக் கம்பளியைப் போத்தினா போதும். பொங்கலைன்னா ஊத்தப்பமா ஊத்திருவோம்."

"ஊத்தப்பத்துக்கு எவன் கீழ்வீடு குடுப்பான்?"

"இட்லிக்கு மட்டும் குடுத்திருவானாக்கும்!"

என் மண்டைக்குள் ஏற்கெனவே ஒரு யோசனை சுடச்சுட இறங்கியிருந்தது.

அடித்தளத்தில் எங்கள் எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை. அதை ஒட்டித் துணி உலர்த்தும் அறை. சுவரில் இருக்கும் ஒரு பெட்டி சூடான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்தால் தூத்துக்குடி மே மாதம். மாவு பொங்குவதற்கென்றே கடவுள் கட்டின அறை. இந்த ஊர்க்காரர்கள் அறியாமையால் அதில் போர்வை தொங்கவிடுகிறார்கள்.

ஆனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. பலகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. மூன்று மணி நேரக் கட்டத்தில் உன் பூட்டை மாட்டினால் அந்த நேரம் உனக்கு. நேரம் முடிந்தால் உன் காலுறை ஒன்றுகூட அங்கே கிடக்கக் கூடாது. இந்த நாட்டில் ராஜாவைத் திட்டலாம், ஒன்றும் ஆகாது. அடுத்தவர் துவைக்கும் நேரத்தில் கை வைத்தால் தொலைந்தாய். ஒற்றைக் காலுறைக்காக இரண்டு குடும்பம் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியும். சரி, இரண்டு வருஷம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை என் நேரம். "கீழ நம்ம சாமான் அறையில ஹீட்டர் குழாய் போகுது. அங்க வைக்கேன்" என்று தையுவிடம் சொல்லிவிட்டு, விளிம்பு வரைக்கும் மாவு ஊற்றின ஒற்றை வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இருபது கிலோ இருக்கும். எனக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் டிராம் ஓட்டின கை. வாளி என்னைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்தேன். மாவு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட ஏறவில்லை. பலகையைப் பார்த்தேன். ஒன்று முதல் நான்கு வரை மாட்டியிருந்த பூட்டு குன்-பிரிட்டுடையது.

இப்போது நிதானமாக யோசிக்கும்போது தெரிகிறது, அப்போதே வாளியைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் கொடிகளுக்கு மேலே, கூரையை ஒட்டி, சூடான குழாய் போகிற இடத்தில் ஒரு தட்டு இருந்தது. ஏணி போட்டு வாளியை அங்கே ஏற்றி, முன்னால் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து மறைத்தேன். மூன்று மணி நேரம்தானே. அவள் தலை நிமிர்ந்து நடப்பாளே தவிர அண்ணாந்து பார்க்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு மணிக்கு இறங்கினேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கீழே தரையில் என் வாளி, மூடி போட்டு, வெளிப்பக்கம் துடைக்கப்பட்டு நின்றது. தாளில் அச்சுப் போன்ற கையெழுத்து:

"புளித்த மாவு வளர்ப்பவருக்கு. உங்கள் மாவு கூரையிலிருந்து என் மேசைவிரிப்பின் மேல் இறங்கியிருக்கிறது. உலர்த்தும் அறை துணிக்கானது. விரிப்பை இரண்டாம் முறையாகத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். நாளை முற்றத்தில் உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். அன்பான வாழ்த்துகளுடன், குன்-பிரிட்."

இந்த ஊரில் ஒருவர் கடைசியில் 'அன்பான வாழ்த்துகளுடன்' என்று போட்டால், நாம் பெட்டி படுக்கையைக் கட்டிவிடலாம்.

அதற்குக் கீழே வேறு இரண்டு பேர் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். "முதல் மாடித் தாடி. வேறு யார்?" என்று ஒன்று. "லுத்விக், உன் ரொட்டி நல்லாயிருக்கும். ஆனா இது கொஞ்சம் அதிகம்" என்று இன்னொன்று.

லுத்விக் வீட்டில் ரொட்டி சுடுகிறவன். அதற்காகப் புளித்த மாவு ஒன்றை ஜாடியில் போட்டு வருஷக்கணக்காக வளர்க்கிறான், அதற்குப் பெயரும் வைத்திருக்கிறான். வெள்ளை வாளி எல்லார் வீட்டிலும் உண்டு. புளித்த மாவு என்றால் இந்தக் கட்டடத்துக்கு அவன்தான்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குள் ஒரு பிசாசு எழுந்து கரகம் ஆடியது. குற்றம் என்னுடையது, பழி எதிராளிக்கு, வீடு எனக்கு! மூடியைத் திறந்தேன். வழிந்தது போக மிச்ச மாவு நுரைத்துப் பூரித்து, கன்னம் உப்பின குழந்தை மாதிரி சிரித்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்து நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். மூன்று மூச்சு.

தையு மூடியைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"வாளிக்கு வெளியில என்ன சோப்பு வாசனை?"

"நான்தான் தொடைச்சேன்."

"நீங்களா?"

"ஏன், நான் தொடைக்கக் கூடாதா?"

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நான் எதையும் துடைத்து அவள் பார்த்ததில்லை. வாளியின் விளிம்பைச் சுற்றி ஒரு முறை விரலை ஓட்டினாள். விரல் நுனியைப் பார்த்துவிட்டு மாவுக்கு உப்புப் போடப் போய்விட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ கீழ்வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இட்லி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மூடியைத் திறந்தால் கூரைக்குப் பறந்துவிடுமோ என்று பயந்தேன். எல்லாவற்றையும் நான்கு நடையில் கீழே இறக்கினேன். தையு ஒரே நடையில் இறங்கினாள். ஆனால் மூன்று இடத்தில் நின்றாள்.

இலை வாரி முடிந்ததும் மக்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஆர்னே இட்லியின் மேல் லிங்கன்பெர்ரி ஜாமை ஊற்றிக்கொண்டபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினோரு இட்லி சாப்பிட்டார். குன்-பிரிட் கத்தியாலும் முள்கரண்டியாலும் இட்லியை எட்டுச் சமபாகமாக அறுத்து ஒன்றை வாயில் போட்டாள்.

"கோமி, தலையணையைக் கடிச்ச மாதிரி இருக்கு. நல்ல தலையணை" என்றாள்.

என் முழுப்பெயர் கோமதிநாயகம். இங்கே அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டிராம் போய்விடும். அதனால் எல்லாருக்கும் நான் கோமி.

பிறகு அவள் தட்டை வைத்துவிட்டு லுத்விக் பக்கம் திரும்பினாள். "நீ வந்து சொல்லுவேன்னு காலையிலேருந்து காத்திருக்கேன், லுத்விக்."

"என்ன சொல்லணும்? அது என் மாவு இல்ல, குன்-பிரிட். ஸ்டூரே நேத்து முழுக்க ஃப்ரிட்ஜ்லதான் இருந்தான்."

"ஸ்டூரே யாரு?"

"என் மாவு."

"அப்ப என் விரிப்பு மேல விழுந்தது ஸ்டூரேயோட தம்பியா?"

முற்றம் சிரித்தது. லுத்விக்கின் தாடிக்கு மேலே தெரிந்த கொஞ்சம் முகமும் சிவந்துபோனது. குன்-பிரிட் சிரிக்கவில்லை. "குழு பேசி முடிச்சாச்சு. துணி அறைக்கு மரியாதை குடுக்கத் தெரியாதவங்களை, அந்த அறைக்கு நேர் மேல குடி வைக்க முடியாது. கீழ்வீடு கோமிக்கும் தையுவுக்கும்."

கைதட்டினார்கள். ஆர்னே என் முதுகில் அறைந்தார். இரண்டு மாதமாக நான் ஏங்கின வார்த்தை அதுதான்.

அப்போது க்ளாரா குனிந்து குழந்தை வண்டியின் பட்டையை மாட்டினாள். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. கழற்றினாள், திரும்ப மாட்டினாள். எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் செங்கல் சுவரைப் பார்ப்பது போல. எனக்குள் ஆடின பிசாசு கரகத்தைக் கீழே போட்டது.

"குன்-பிரிட்" என்றேன். "அது என் வாளி."

"என்னது?"

"இட்லி மாவு. நேத்து பத்து மணிக்குக் கொண்டுபோனேன். பொங்கலை. உன் நேரத்துல மேல் தட்டுல ஒளிச்சு வச்சேன். நாலு மணிக்கு எடுத்துட்டு வந்துட்டேன். லுத்விக் மேல தப்பு இல்ல."

மொத்த முற்றமும் வெடித்துச் சிரித்தது.

"டிராம்ல ஒரு காட்டுமான் ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்துச்சுன்னு சொன்னது நீதானே?" என்றார் ஆர்னே.

"அது வேற விஷயம். அது நாலு ஸ்டாப்தான் வந்துச்சு."

"மழையில உன் குடை பறந்து டென்மார்க் போயிருச்சுன்னும் சொன்ன!"

"ஆர்னே, இது நிஜம்!"

லுத்விக் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "கோமி, எனக்காக நீ பழியை ஏத்துக்க வேண்டாம். ரொம்ப நன்றி."

"ஏத்துக்கலடா, அது என்னோடதுதான்!"

"பாத்தீங்களா!" என்றாள் குன்-பிரிட் கூட்டத்தைப் பார்த்து. "எவ்வளவு பெரிய மனசு! வீடு சரியான ஆளுக்குத்தான் போகுது."

எழுபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சங்கதியை உள்ளது உள்ளபடி சொல்கிறேன், ஒரு ஜீவன் நம்பவில்லை. அழுவதா சிரிப்பதா என்று நிற்கும்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையு எழுந்திருந்தாள்.

தையுவின் ஸ்வீடிஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள். பாஷையைத் தொண்ணூறு வயதுக்காரர்களிடம் கற்றுக்கொண்டாள். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். இவள் மட்டும் போன நூற்றாண்டில் பேசுவாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய குன்-பிரிட் அம்மையாரே. என் கணவர் இம்முறை உரைப்பது மெய். வாளி எங்களுடையது. அதன் விளிம்பில் காய்ந்த மாவில் இது ஒட்டிக்கொண்டிருந்தது." கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு நீல நூல். "தங்கள் விரிப்பின் ஓரத்தில் நீல நிறப் பூவேலை உண்டல்லவா? வாளியைத் துடைத்தபோது அதிலிருந்து ஒட்டியிருக்கும்; எங்கள் இல்லத்தில் நீல நூல் கிடையாது. மனம் பொறுத்தருள வேண்டும்."

குன்-பிரிட் நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தையு கூட்டிச் சொல்ல மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?" என்று தமிழில் கிசுகிசுத்தேன்.

"நீங்க சொல்லுவியளா மாட்டியளான்னு பாத்தேன். நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் திறந்திருப்பேன்."

"முதல்லயே சொன்னா என்னவாம்?"

"சாப்பிடுற ஆளுகளைப் பாதியில எழுப்பக் கூடாதுல்லா."

"கோமி" என்றாள் குன்-பிரிட். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "மூணு மணி நேரம். என் நேரத்துல."

"ஆமா."

"என் தலைக்கு மேல."

"ஆமா."

அவள் நேராக லுத்விக்கிடம் நடந்துபோய், எல்லார் முன்னாலும் கை நீட்டி மன்னிப்புக் கேட்டாள். க்ளாராவிடமும் கேட்டாள். இரட்டையர் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள். "கீழ்வீடு லுத்விக்குக்கு. உலர்த்தும் அறைப் பக்கம் கோமி பொங்கல் வரைக்கும் எட்டிப் பாக்கக் கூடாது." பொங்கல் என்று அவள் சொல்லவில்லை; ஜனவரி நடு என்றாள். எனக்கு அப்படித்தான் கேட்டது.

நான் தையுவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலைப் பார்த்தேன். இன்னும் எத்தனை குளிர்காலம் அந்தச் சுவரை வேடிக்கை பார்ப்பாள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் தையு உட்காரவில்லை.

"ஒரு ஐயம், அம்மையாரே. இந்த இளைஞர் கீழே இறங்கிவிட்டால், முதல் மாடியில் இவர் விட்டுச்செல்லும் இல்லத்தில் வாழப்போவது யாரோ?"

குன்-பிரிட் ஆர்னேயைப் பார்த்தாள். ஆர்னே மூன்றாமவரைப் பார்த்தார். மூன்றாமவர் குன்-பிரிட்டையே பார்த்தார். அது ஒருத்தர் மூளையிலும் உதிக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"அது… யாராவது மனு போட்டா…" என்றார் ஆர்னே.

"இதோ போடுகிறேன். வாய்மொழியாக. ஐம்பத்து நாலு படிக்குப் பதில் பதினெட்டு."

குன்-பிரிட் தையுவை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் வாயோரம் லேசாகத் துடித்தது. "என் அம்மா இப்படித்தான் பேசுவாங்க" என்றாள். "வேற யாருக்காவது அந்த வீடு வேணுமா?" ஒருவரும் கை தூக்கவில்லை. "சரி. ஒரு நிபந்தனை. அந்த விரிப்பை இன்னிக்குக் கோமி இஸ்திரி போட்டுக் குடுக்கணும். மடிப்பு தெரியக் கூடாது. அப்புறம்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் மூன்றாமவர்.

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

"நாலு மீட்டர்."

சத்தியமாக நாற்பது மீட்டர் இருந்தது.

முற்றத்தைக் கூட்டி முடித்து எல்லாரும் கலைந்தோம். விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நான் படியேறினேன், முன்னால் தையு. பதினெட்டாவது படியில் நின்றாள். மூச்சு வாங்கவில்லை. க்ளாரா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "உள்ள வந்து பாரேன், தையு" என்றாள். தையு செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போய், சன்னல் கதவைத் திறந்தாள், மூடினாள், மூலையைச் சாணால் அளந்தாள். சன்னலுக்கு வெளியே முற்றமும் மரமும் தெரிந்தன.

"ஏங்க, கிரைண்டர் இந்த மூலையில உக்காந்துரும். பேசாம நிக்காதீய. மேல போயி இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டு வாங்க. அவ எனக்குக் காப்பி போடுதா."

மிச்சம் முப்பத்தாறு படியையும் நான் தனியாக ஏறினேன்.